பாடாமல் விட்ட ஆறாம் பாட்டு

எங்கள் ஆலயத்தில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பாடும் பதிகத்தில் இப்போது ஒன்பது பாட்டுகளே உள்ளன. ஆறாம் பாட்டை என் கையாலேயே அடித்துவிட்டேன். கோவில்பட்டியை அடுத்த இந்தக் கரிசல் பங்கின் குருவாகிய நான்தான் அதை இயற்றியவன். ஏன் அடித்தேன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

பாவத்துக்கு மனம் வருந்துதலைப் பற்றிய பதிகம் அது. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய வாரம் வரையில் ஆறாம் பாட்டு அமையவில்லை. இளமை முதல் பழைய பக்திப் பாடல்களிலே ஊறியவன் நான். நெஞ்சில் எழுந்த உவமை ஒவ்வொன்றும் எவரோ முன்பே பாடியதாக இருந்தது. இரண்டாம் அடியில் ஓர் இடம் வெறுமையாகவே கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனத் தொட்டி என்னும் மரக்கூண்டில் தட்டிக்கு அப்பால் ஒருவர் முழங்காலிட்டுத் தம் பாவத்தைச் சொன்னார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன தொழில் என்று சொல்லேன். அழுகையின் நடுவே, இந்த மண்ணில் பாடுபட்டவர்க்கே வாய்க்கக்கூடிய ஓர் உவமையால் தம் நிலையை உரைத்தார். அதையும் இங்கே சொல்லேன். என் நா மன்னிப்பின் வாசகத்தை ஓதிக்கொண்டிருந்தது. மனம் அவ்வுவமையைச் சீர் பிரித்து எதுகை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போனதையும் நான் அறியவில்லை.

அன்றே பாட்டு முடிந்தது. பெயர் இல்லை, பாவம் இல்லை, உவமை மட்டுந்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆண்டுதோறும் கழுகுமலை முருகனுக்குப் பாதயாத்திரை போகும் அச்சக அண்ணாச்சி, மெய்ப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

"சாமி, ஆறாம் பாட்ட மூணு தடவ படிச்சிட்டேன். இத்தன வருசமா இத எங்கன ஒளிச்சு வச்சிருந்தீங்க? பேர மட்டும் மாத்தி எங்க முருகனுக்கும் பாடிக்கிடுதேன், கோவிச்சுக்கிடாதீங்க."

சிரித்தேன். அந்தப் பாராட்டை எனக்குரியதாகவே ஏற்றுக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை, பாடகர் குழு அந்த அடியைத் தொட்டபோது பெஞ்சுகளின் நடுவே, அன்று தட்டிக்கு அப்பால் அழுதவரின் முகம் நிமிர்ந்து என்னை நோக்கியது. பிறகு இறுதிவரை நிமிரவில்லை. எல்லாரும் புகழ்ந்து சென்றபின் அவர் வாசலுக்கு வந்தார்.

"தோத்திரம் சாமி. பாட்டக் கேட்டேன்" என்றார். படியிறங்கிப் போனார்.

அதன்பின் அவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை. ஞாயிறு பூசைக்கு வருவார்; நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழும்போது, பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அதை வாங்க அஞ்சி, தாம் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். அவருக்கும் அவருடைய ஆண்டவருக்கும் நடுவே நான் நின்றேன். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதற்கும் வழியில்லை. தொட்டியில் கேட்டதைப் பற்றி வெளியே எவரிடமும், சொன்னவரிடமேகூட, குரு வாய் திறக்கலாகாது.

மணியாச்சிப் பக்கம் ஓய்வில் இருக்கும் முதிய குருவிடம் போய், ஆளைக் காட்டாமல் என் பாவத்தை அறிக்கையிட்டேன். பாட்டை அடித்துவிட்டதையும் சொன்னேன்.

"ஒம்ம பாட்டு கெடக்கட்டும் ஓய். அந்த ஆன்மா இனி யார்ட்டப் போகும்? சனிக்கிழம வேற சாமியார வரவழச்சு உக்கார வையும். நீரு அங்கன நிக்காதீரும். யார் வந்தா, யார் வரலன்னு ஒருத்தர்ட்டயும் கேக்காதீரும். அதுதான் ஒமக்கு அபராதம்."

அவ்வாறே பக்கத்துப் பங்கின் குரு வந்தார். சனிக்கிழமை மாலைகளில் நான் பருத்திக்காட்டு வரப்பில், ஆலயத்துக்கு முதுகு காட்டி, மணியடிக்கும் வரை நடந்தேன்.

அச்சக அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "நல்ல பாட்ட ஏன் சாமி கொன்னீங்க? கண்ணு பட்டிருக்கும், சுத்திப்போடச் சொல்லுங்க. நீங்க நிப்பாட்டினா என்ன, மலைக்கு நடக்கையில நான் பாடத்தான் செய்யுதேன்."

பாடாதீர்கள் என்று சொல்லக் காரணம் காட்ட வேண்டும். அச்சுக்கூலி பாக்கி எவ்வளவு என்று கேட்டேன்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்த ஒரு ஞாயிறு, நற்கருணை வரிசையில் அவர் வந்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன். "ஆமென்" என்றார். நீட்டிய உள்ளங்கையைக் கண்ட கணத்தில் என் மனத்தில் ஓர் அடி எழுந்தது, எதுகையோடு. கண்களைத் தாழ்த்திக்கொண்டேன். அடுத்தவர் கை நீட்டிக் காத்திருந்தார்.