தீபம் முடியட்டும் என்று வைத்த கடைசி இரண்டு எபிசோடு

அந்தத் தொடரை நான் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். மருமகள் டிவியில் ஆப்பைத் திறந்துவிட்டால், மூன்றாவது வரிசையில் சிவப்புக் கரைப் புடவைக்காரி ஒருத்தி மூடிய கதவுக்கு முன்னால் நிற்பாள். அவளை அழுத்தினால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேலையே இல்லை.

சொத்துச் சண்டையில் தங்கையை விரட்டிய அக்கா சாகக் கிடக்கிறாள். தங்கை வந்து வாசலில் நிற்கிறாள். கதவு திறக்குமா, திறக்காதா? இன்னும் இரண்டு எபிசோடு பாக்கி.

அந்த இடத்தில் கோயிலில் கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிவிட்டது. கொடியேறி மலைமேல் தீபம் ஏற்றுகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் கண்ணீர் விடக்கூடாது. சாவு வரப்போகிற கதையை அந்தப் பத்து நாளில் போடுவேனா? தீபம் முடியட்டும், அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று வைத்துவிட்டேன்.

அதற்கு நடுவில், அதே தொடரைப் பார்த்துவந்த சம்பந்தியம்மா வேங்கிக்காலிலிருந்து போன் செய்தார். “நான் பாத்து முடிச்சிட்டேங்க. நீங்க?” என்றார். “நானும்தான்” என்றேன். அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை.

தீபம் முடிந்த மறுநாள் பார்த்தால், மூன்றாவது வரிசையில் எவனோ துப்பாக்கியோடு நிற்கிறான். நான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டேனோ என்று அரை மணி நேரம் தேடிவிட்டுத்தான் மருமகளைக் கூப்பிட்டேன்.

“எடுத்துட்டாங்க அத்தை.”

“நான் பாதியில உக்காந்திருக்கேன், யாரைக் கேட்டு எடுத்தாங்க?”

“அது இவங்களோடதே இல்ல அத்தை. கதை பண்ணவங்க வேற. இவங்க இத்தனை நாளைக்குன்னு வாங்கிப் போடறாங்க. கெடு முடிஞ்சப்புறம், பாக்கறவங்க கம்மின்னா மறுபடி வாங்க மாட்டாங்க.”

“அப்போ நானும் உங்கம்மாவும் மட்டுந்தான் பாத்தோமா?”

“அப்படித்தான் போல. நான் முழுசா பாத்துட்டேன், சொல்லட்டுமா?”

“ஒண்ணும் வேணாம்” என்றேன். முடிவை இன்னொருவர் வாயால் கேட்கிற நிலைமைக்கு நான் வந்துவிடவில்லை.

கெடு என்றதும் விஷயம் புரிந்துவிட்டது. அடி அண்ணாமலையில் எங்கள் புளியமரத்தை வருஷக் குத்தகைக்கு விடுகிறோம். கெடு முடிந்தால், கிளையில் மிச்சம் தொங்குகிற காயைக்கூடக் குத்தகைக்காரர் தொடக்கூடாது. ஒருமுறை ஏணியோடு வந்தவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா பொரி உருண்டையோடு வந்தார். கேட்காமலே முடிவைப் பிடுங்கிவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

“கடைசியில அழுதுட்டீங்களா?”

“அழாம இருக்க முடியுங்களா. நீங்க?”

“நானுந்தான். அந்தக் கதவு இருக்கே…”

“ஆமாங்க, அந்தக் கதவு…”

இரண்டு பேரும் பொரி உருண்டையைக் கடித்தோம். உருண்டை நல்ல கெட்டி. அதனால் கொஞ்ச நேரம் கிடைத்தது.

“யாரு திறந்தாங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?” என்றார் அவர்.

“நீங்கதானே எனக்கு முன்னாடியே முடிச்சீங்க. நீங்களே சொல்லுங்க.”

சம்பந்தியம்மா தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “கொடியேறினப்புறம் வீட்ல உக்காந்து எப்படிங்க அழறது? தீபம் முடியட்டும்னு வச்சேன்.”

நான் சிரித்த சிரிப்பில் பொரி புரையேறிவிட்டது. அந்த அம்மாதான் முதுகில் தட்டிவிட்டார். சமையல்கட்டிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கும் சேத்து நானே சொல்லிடட்டுமா?”

“வேணாம்” என்றோம், ஒரே நேரத்தில்.

கதவை நாங்களே திறந்துவிட்டோம். அக்காவே எழுந்து வந்து திறந்தாள் என்கிறார் சம்பந்தியம்மா. சாகக் கிடக்கிறவள் எப்படி எழுந்து வருவாள், வேலைக்காரிதான் திறந்திருப்பாள் என்கிறேன் நான். தினமும் போனில் இதே பேச்சுதான். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு மருமகள் சிரிப்பதைப் பார்த்தால், இரண்டுமே இல்லை போலிருக்கிறது.