சந்தனப் பொட்டு வைத்த லேப்டாப்

2007ஆம் வருடம், ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். திருவண்ணாமலை தேரடித் தெரு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னதாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். யாரிடமும் முறையாகப் படித்தவனில்லை. பழைய பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டதுதான். வேலையைவிட எனக்குப் பிடித்தது, வருகிறவர்கள் பேசுகிற பேச்சு. ஒவ்வொருவரும் பழுதைச் சொல்கிற விதமே தனி. ஒருவர், "தும்முது சார்" என்பார். இன்னொருவர், "காலையில எழுப்பினா எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்பார். அதைக் கேட்டுச் சிரிப்பதிலேயே எனக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

செவ்வாய்க்கிழமை அடி அண்ணாமலையில் இருந்து ஒரு அம்மா வந்தார். மணிலா, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிற குடும்பம். "லேப்டாப்புக்கு மூச்சு இருக்குது சார், பேச்சுதான் இல்ல. வந்து பாருங்க" என்றார். அந்தச் சொல்லுக்காகவே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மகன் துபாயில் கட்டட வேலை. மருமகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவிடம் மகன் போனில் பேசிவிடுவார்; மனைவியிடம் பேச முகமும் கையும் வேண்டும். அதற்காகவே போன முறை ஊருக்கு வந்தபோது ஒரு பழைய லேப்டாப்பும் கேமராவும் வாங்கி வந்து கொடுத்திருந்தார். மாடியில் இருந்த வீட்டுக்காரர் தன்னுடைய வயர்லெஸ் நெட்டைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார். எந்தப் படத்தை அழுத்தினால் கணவர் வருவார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்வார்கள்.

"இந்த வெள்ளிக்கிழமை விட்டா முடிஞ்சுது சார். சனிக்கிழமை அவனைப் பாலைவனத்துக்குள்ள எங்கியோ அனுப்பறாங்களாம். ஆறு மாசத்துக்கு நெட்டே கெடையாதாம்" என்றார் அந்த அம்மா. பிரவுசிங் சென்டருக்கு ஒருமுறை போயிருக்கிறார்கள். கையை ஆட்டிப் பேசுவதை நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததில் மருமகள் அழுதுகொண்டே வந்துவிட்டாராம்.

லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். அரிவாள், களைக்கொத்து, தையல் மெஷினோடு அதற்கும் பூஜை போட்டிருந்தார்கள். மூடியில் பெரிய பொட்டு, முன் விளிம்பில் வரிசையாக மூன்று பொட்டு. காய்ந்து கெட்டியாக இருந்தது. என் கடையிலும் எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தான். பூஜை போட்ட பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாக அழிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

லேப்டாப் நன்றாக ஓடியது. வயர்லெஸ் மட்டும் இல்லை. கேபிள் போட்டுப் பார்க்கலாம் என்றால், அதைச் செருகுகிற ஓட்டை வாங்கும்போதே உடைந்திருந்ததாம். நான் மாமியாரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் மருமகள் என் கையைத் தொட்டார். முந்தானையைச் சுருட்டி லேப்டாப் விளிம்பில் அழுத்தித் துடைப்பது போலக் காட்டினார். பிறகு பொட்டைக் காட்டினார்.

"பூஜை போட்டோம்னு சொல்லுது சார். அதை விடுங்க, நீங்க எங்கிட்ட கேளுங்க" என்றார் மாமியார். நானும் தலையாட்டினேன். மருமகள் விடவில்லை. நகத்தால் நடுப்பொட்டைச் சுரண்டப் போனார். மாமியார் அவர் கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "வேணாம்மா, சாமிப் பொட்டு" என்று கையை நீட்டித் தடுத்தேன். அவர் ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! கடைக்குக் கொண்டுவந்து, அடிப்பக்கம் திறந்து, வயர்லெஸ் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். புதன்கிழமை முழுக்க, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து மறுபடி ஏற்றினேன். அதில் துபாயில் இருந்து மகன் அனுப்பியிருந்த போட்டோக்களும் போயின. வியாழக்கிழமை அதையே இன்னொரு முறை செய்தேன். கண் எரிந்தது. முதுகு விட்டுப்போனது. வயர்லெஸ்ஸைக் கையால் நிறுத்துகிற குட்டி சுவிட்ச் சில லேப்டாப்களில் பக்கவாட்டில் இருக்கும். இதிலும் பக்கவாட்டில் தேடினேன், இல்லை. அத்தோடு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பௌர்ணமிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கிரிவலப் பாதையில் வண்டியை விடவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன். "இன்னா சார், ஆபீசையே தூக்கினு கிரிவலம் வர்றீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் நின்று நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்றைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அந்த வீட்டில் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தேன். மணி பத்தே முக்கால். "கார்டு போயிடுச்சும்மா. மெட்ராஸ்ல இருந்து வரணும். ஒரு வாரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் போட ஆரம்பித்தேன்.

மாமியார் கையாலேயே அதை மருமகளுக்குச் சொன்னார். அவர் அழவில்லை. லேப்டாப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து நடுப்பொட்டைத் தேய்த்தார். தடுக்க எனக்குத் தெம்பும் இல்லை, முகமும் இல்லை. சந்தனம் கரைந்த இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு சுவிட்ச். நகத்தால் அதைத் தள்ளினார். பக்கத்தில் நீலமாக ஒரு விளக்கு எரிந்தது.

பூஜைக்காக மருமகள் துடைத்தபோது அது நகர்ந்திருக்கிறது. அதன் மேலேயே மாமியார் பொட்டு வைத்துவிட்டார். துடைத்த கைக்கு அது தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே அந்தக் கை எனக்குச் சொல்லியும் விட்டது.

பதினொரு மணிக்குத் திரையில் கணவர் வந்தார். இரண்டு பேரும் கையால் பேசினார்களே, அப்பப்பா! எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து போகலாம் என்று பார்த்தால் அவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டுவிட்டார். மருமகள் திரும்பி என்னைப் பார்த்தார். ஐந்து விரலையும் குவித்து மலை போல வைத்தார். இன்னொரு கை விரலால் அதைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கடைசியில் லேப்டாப் விளிம்பை ஒரு தட்டு. துபாயில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு நாளா மலையைச் சுத்தினு இருந்த ஆளுன்னு சொல்லுது சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் மாமியார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அது எனக்கே புரிந்திருந்தது. மூன்று நாளில் அந்தப் பெண் பேசியதை நான் கவனித்துப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஊரார் பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. இன்றைக்கும் யாராவது பழுதென்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால், பையைத் திறப்பதற்கு முன்னால், இதைத் தினமும் தொடுகிற கை யாருடையது என்று கேட்டு, அந்தக் கை காட்டி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.