தண்ணீர் குடித்துக் காத்திருந்த நாட்கள்

புற்றுநோய் என்று புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டு ஊருக்கு வந்த புதிதில் எனக்குச் சிறுநீரைப் பற்றித்தான் பயம். சாவைப் பற்றிய பயம் பிறகு வந்தது. இருமினால் சொட்டும். கடையில் ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கினால் சொட்டும். சவூதியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து மீமிசலில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு வாடை தெரிகிறதோ என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினேன். குனியும்போது அங்கே விரிப்பில் சொட்டிவிட்டால்? கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன். வீட்டில், முன்னறையில் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். மனைவி என் தலையணையை அங்கே கொண்டுவந்து வைத்தாள்.

செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மா, இதே ஆபரேஷன் ஆன ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், உங்கள் நம்பரை அவரிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வாத்தியாருக்கு எங்கள் ஊரில் யாரையாவது தெரிந்திருந்தால் என்ன ஆவது என்று பயம். அடுத்த தடவை நர்ஸம்மா கேட்கவில்லை. நானே போய்க் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் போன் வந்தது.

“பாய், நான் இலுப்பூர் பக்கத்துலேர்ந்து பேசுறேன். வாத்தியாரா இருந்தவன். ஒங்களுக்கு ஆன ஆபரேஷன்தான் எனக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்துறீங்க?”

டாக்டர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டார். ஏழு தடவை என்றேன். தனக்கு முதலில் ஒன்பது, மூன்று வருடத்தில் ஒன்றாகியிருக்கிறது என்றார். சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கிப் பத்து எண்ணிவிட்டுத் தளர்த்தச் சொன்னார். உள்ளே வைக்க என்ன பேடு வாங்குவது, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை எந்தப் பக்கம், பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார்ந்தால் சட்டென்று இறங்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டுக்காரம்மாவிடம் பேசினீர்களா என்றும் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். தொழுகை விஷயத்தைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே கேட்கச் சொன்னார். கிறிஸ்தவரான அவர் சொல்லித்தான் ஒரு மாதம் கழித்து ஹஜ்ரத்திடம் போனேன். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு தொழுங்கள், குற்றமில்லை என்றார். அந்த வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் நின்றேன்.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே நாளில் புதுக்கோட்டை லேபில் ரத்தம் கொடுப்போம். நோய் திரும்புகிறதா என்று அந்த பி.எஸ்.ஏ. எண்ணில்தான் தெரியும். அதற்கு மூன்று நாள் முன்பே எனக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் ரிப்போர்ட் வரும்வரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு கவரைப் பிரிப்பார். நான் பிஸ்மி சொல்வேன். அவருடைய எண் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. என்னுடையதைவிட அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வரும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் அவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். பஸ்ஸில் ஏறப் போகும்போதுதான், “கொஞ்சம் ஏறியிருக்கு பாய்” என்றார்.

அடுத்த மாதம் இன்னும் ஏறியது. ரேடியேஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்போம். ஏழு வாரம், சனி ஞாயிறு தவிர்த்துத் தினமும் திருச்சிக்குப் போக வேண்டும். அவர் மனைவிக்கு நடக்க முடியாது, மகள் பெங்களூரில்.

“மொத நாள் மட்டும் கூட வர்றீங்களா பாய்? தனியாப் போகப் பயமா இருக்கு” என்று கேட்டார்.

அன்றைக்கு ஜெகதாப்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ் இருக்கிறது என்றேன். நிக்காஹும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் அவருக்கு வந்தது எனக்கும் வந்துவிடும் என்று பட்டது. இது ஒட்டுகிற நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உடம்பு கேட்கவில்லை. அவர், “பரவாயில்லைங்க பாய்” என்றார்.

அவர் தனியாகத்தான் போயிருக்க வேண்டும். எட்டு நாள் போன் வரவில்லை. மதியமானால் கை தானாகப் போனை எடுத்துப் பார்க்கும். ஒன்பதாம் நாள் கடைக்குச் சோறு கொண்டுவந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மாற்றுவது, முன்னறைக்குப் போனதன் காரணம், நிக்காஹ் பொய், எல்லாம்.

அவள் சாப்பாட்டுக் கேரியரை மூடிவிட்டுச் சொன்னாள்: “ஒங்கள மொத மொதல்ல கூப்புடும்போது அவருக்கும் பயமாத்தானே இருந்திருக்கும். போயிட்டு வாங்க.” சாயங்காலம் என் தலையணையை அவளே உள்ளறைக்கு எடுத்துப் போனாள். பையில் மாற்றுக் கைலி ஒன்றை மடித்து வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான கூடத்தில், தண்ணீர் பாட்டிலோடு வாத்தியார் சார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நிக்காஹைப் பற்றிக் கேட்கவில்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கரண்டு குடலில் படாமல் இருக்குமாம். அதனால் தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். அடக்க முடியாதவர்களுக்கு அப்படி ஒரு வைத்தியம்.

“கிளாஸ்ல புள்ளைங்க ஒண்ணுக்குப் போகணும்னு கையத் தூக்குனா, பெல் அடிக்கட்டும்னு ஒக்கார வச்சிருவேன் பாய்” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

முன்னால் போனவருக்கு நேரமாகிவிட்டது. சாரின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இறுகின. என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகி, சட்டென்று தளர்ந்தது. வெள்ளை வேட்டியில் ஈரம் பரவியது. எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து அவருக்கு முன்னால் நின்று, தோள் துண்டை அவர் மடியில் போட்டு மறைத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். கைலியைக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்தே பேசினார்.

“வீட்டுக்குப் போயிரலாம் பாய். என்னால முடியல.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். அன்னைக்கு நிக்காஹ் ஒண்ணும் இல்ல. பயந்துக்கிட்டு வரல” என்றேன்.

“தெரியும்” என்றார். பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

மிஷின் பார்க்கிற பெண், மறுபடி தண்ணீர் குடியுங்கள் சார், முக்கால் மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் என்றாள். இந்தத் தடவை கூப்பிட்டார்கள். என் கட்டம் போட்ட கைலியோடு அவர் உள்ளே போனார். கனமான கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது நீதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

ஏழு வாரம் முடிகிறவரை வாரத்தில் இரண்டு நாள் கூடப் போனேன். அதற்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட்டில் அவர் எண் இறங்கியிருக்கிறது. இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார்.

திங்கட்கிழமை எனக்கு டெஸ்ட். வெள்ளிக்கிழமையிலிருந்தே சோறு இறங்கவில்லை. சார் போன் செய்து எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.