வாசலுக்கு வராத அழைப்பு

மார்கிலான் ஊரில் கல்யாணப் பத்திரிகை என்றாலே எர்காஷின் அச்சகம்தான். அதெல்லாம் கல்யாணம் கைபேசிக்குள் புகுவதற்கு முன்பு. இப்போது ஈ ஓட்டுகிறார். மிச்சமிருந்த ஒரே இயந்திரத்தையும் பழைய இரும்புக்காரனிடம் பேசி முடித்தாயிற்று. இன்று மதியம் வண்டி வரும்.

பார்த்தால் இன்று காலையிலேயே பக்கத்து வீட்டு துர்சுன்பாயின் மூத்த மகனுக்குக் கல்யாணம். விடியலில் ஆண்களுக்கு ஓஷ் சோறு போடுவது வழக்கம். கறியும் காரட்டும் வேகும் வாசனை மதில் ஏறிக் குதித்தது. எர்காஷ் மட்டும் தேநீரும் கையுமாக முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டுத்தான் வாங்களேன். உங்க மூக்கு எப்பவோ அங்க போயாச்சு," என்றாள் மனைவி முயஸ்ஸர்.

"கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்ல."

கோபமில்லை, வருத்தம். வாசலில் வந்து நின்று இரண்டு கையாலும் ஒரு தாளை நீட்டவில்லையே!

சற்று நேரத்தில் துர்சுன்பாயே வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "அண்ணே, மானம் போகுது! கைபேசியில நம்ம தெருக் குழுவுல அழைப்பு போட்டேன். அவனவன் மச்சானுக்கும் மாமனுக்கும் தட்டி விட்டுட்டான். ஊரே வந்து அண்டாவை வழிச்சுட்டுப் போயிருச்சு. இப்ப சம்பந்தி வீட்டார் வாசல்ல நிக்கிறாங்க!"

வந்தவனைப் போ என்று சொல்லும் வாய் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

"பத்திரிகை கூப்பிட மட்டுமா தம்பி? கூப்பிடாம இருக்கவும்தான். அதுக்குத்தான் பேரு எழுதுறது," என்ற எர்காஷ், சொல்லும்போதே எழுந்துவிட்டார்.

சம்பந்திகளை அச்சகத்துக்குள் அழைத்து, காகிதக் கட்டுகள்மேல் மெத்தை விரித்து உட்கார வைத்தார். முயஸ்ஸர் ரொட்டியும் உலர்திராட்சையும் கொண்டுவந்தாள். இரண்டாவது அண்டா வேகும்வரை, மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தில் மாமனார் பெயரை அச்சடித்து உதை வாங்கப்போன கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

மதியம் இரும்புக்காரன் வந்தான். துர்சுன்பாய் இயந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என் சின்னவனுக்கு வசந்தத்துல கல்யாணம். முதல்ல என்னைத் தூக்கு, அப்புறம் இதைத் தூக்கு."

அவருடைய பருத்த உடம்பைத் தூக்குவது ஆகிற காரியமில்லை. வண்டி வெறுமனே திரும்பியது.

வசந்தத்தில் முதல் பத்திரிகை மை காயாமல் வெளியே வந்தது. துர்சுன்பாய் அதில் பேனாவால் ஒரு பெயரை எழுதினார். அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உடனே தட்டும் சத்தம்.

எர்காஷ் திறந்தார்.

"எர்காஷ் அண்ணே, வீட்டோட வந்துரணும்," என்று இரண்டு கையாலும் நீட்டினார் துர்சுன்பாய்.

எர்காஷ் மைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.