வம்ச வரலாற்றில் நான் வெட்டிய வரிகள்

துறைமுகத்தை அண்டிய எங்கள் சிறிய சபையில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. குரல் நல்லது என்று கொடுத்தார்கள். அதை நான் மறுத்துப் பேசியதில்லை. வார நாட்களில் பிறர் எழுதியதை வெட்டித் திருத்துவது என் தொழில். அந்தக் கை ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வதில்லை என்பது போன மார்கழியில்தான் தெரிந்தது.

அன்றைய பாடம் இயேசுவின் வம்ச வரலாறு. கொழும்பிலிருந்து வந்த விருந்தினர் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலில் மூன்று பெண்கள் எனக்கு இடைஞ்சலாக இருந்தார்கள்: மாறுவேடமிட்டு மாமனாரிடம் பிள்ளை பெற்ற ஒருத்தி, எரிகோவின் விலைமகள், அரசன் அபகரித்த அடுத்தவன் மனைவி. மூவரையும் சத்தமில்லாமல் தாண்டிப் போனேன். வேதம் பரிசுத்தமானதல்லவா, என் பங்குக்கு இன்னும் கொஞ்சம் பரிசுத்தமாக்கினேன்.

எங்கள் சபைப் பெண்கள் சொந்த வேதாகமத்தை மடியில் திறந்து, வரிக்கு வரி விரல் வைத்தே கேட்பார்கள். மூன்று இடங்களில் அத்தனை விரல்களும் நின்றன.

அடுத்த பாட்டு தொடங்கியதும், நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி வரும் மீன்கார அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, அந்தப் பொம்பிளையள் உங்களுக்கு என்ன செய்தவை?"

"முன்னுக்கு விருந்தாளியள் இருக்கினம் அக்கா. ஒரு மரியாதைக்கு…"

"ஆண்டவருக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு."

கடைசி வாங்கைக் கண்ணால் காட்டினார். அங்கே அவருடைய மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். கலியாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு வருடமாக ஆலயப் பக்கமே வராதவள்.

"இண்டைக்கு இந்தப் பாடமெண்டு தெரிஞ்சுதான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தனான். இயேசுவின்ர பரம்பரையில ஆர் ஆர் இருக்கினமெண்டு அவள் தன்ர காதால கேக்கவேணும். மனுசர் தங்கட புத்தியில எழுதினதெண்டா உங்களைப்போல ஆரும் எப்பவோ வெட்டியிருப்பினம். வெட்டாமல் கிடக்கிறபடியால்தான் அது ஆண்டவற்ர சொல்லெண்டு நம்புறன்."

வேதத்தின் தெய்வீகத் தோற்றம் பற்றி என் அலுமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் உண்டு. ஒன்றுக்கும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

போதகரிடம் போய்க் குனிந்து ஒப்புக்கொண்டேன்.

"கவனிச்சனான்," என்றார்.

"திரும்ப வாசிக்க ஏலுமோ ஐயா?"

"ஓம். ஏனெண்டும் நீங்களே சொல்லுங்கோ."

சொன்னேன். சில வரிகளை வேண்டுமென்றே விட்டதாகவும், அந்த அதிகாரத்தை எனக்கு யாரும் தரவில்லை என்றும். யாரோ சிரித்தார்கள், நியாயம்தான். பிறகு முதல் தகப்பனிலிருந்து தொடங்கி ஒருவரையும் விடாமல் வாசித்தேன். அந்த மூன்று பெண்களையும் முழுக் குரலில் வாசித்தேன். ஒரு விருந்தாளி மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும். தன் குடும்பக் கறையை ஒளிக்காத ஒரு புத்தகம் எங்களிடம் இருக்கிறது. அதை என்னைப் போன்றவர்களிடமிருந்து காக்க ஆட்களும் இருக்கிறார்கள். அன்று என் பெருமைக்கு அளவே இல்லை.

கடைசி வாங்கில், சால்வைக்குள் மூடி வைத்திருந்த குழந்தையை அவள் வெளியே எடுத்து, சபையைப் பார்க்கும்படி மடியில் நிமிர்த்தி இருத்தினாள்.