சிவப்பு மையில் வந்த குறிப்புகள்

இதை எழுதவா வேண்டாமா என்று பல வருஷம் ஜெபித்தே தள்ளிப்போட்டேன். பத்தாவது தாண்டாதவன் நான். எங்கள் சமூக அறிவியல் சங்கத்தின் வரலாற்றை அதன் அறிஞர்கள்தானே எழுத வேண்டும்? எழுதினார்கள். ஆண்டு மலரில் நான் இங்கே சொல்லப்போகிற நாளுக்குக் கிடைத்தது 'ஒரு விரும்பத்தகாத சம்பவம்' என்ற ஒரு வரி. அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நான் அங்கே அட்டெண்டர். மௌலா அலியிலிருந்து பஸ்ஸில் போய்க் கதவு திறப்பேன், டீ போடுவேன், தபால் சேர்ப்பேன். சங்கத்தின் ஆய்விதழுக்கு ஆசிரியர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். எங்களைப் போலவே செகந்திராபாத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இதழில் யாரைப் பற்றிக் கட்டுரை வந்தாலும் அவர்களிடம் மறுப்பு கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்தே போடுவது வழக்கம். ஒரு சாதிச் சங்கத்தார் தங்களுக்கு ராஜ வம்சக் கதை உண்டாக்கிக்கொண்டதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் அனுப்பிய மறுப்பு முழுக்க வசவு. சார் அதையும் மற்ற கட்டுரைகளைப் போலவே வெளியார் இருவருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பினார். மதிப்பிடுபவர் பெயரை யாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் ஓரமெல்லாம் சிவப்பு மையில் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதியதை அப்படியே வைத்து, திருத்தித் தரும்படி அந்தச் சாதிச் சங்கத்தாருக்கே திருப்பிவிட்டார். பேராசிரியர்களுக்குச் செய்வதை அவர்களுக்கும் செய்தார். அவருக்கு அது மரியாதை.

மத்தியானம் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு பிளந்து விழுந்தது. ஏழெட்டுப் பேர், கையில் இரும்புக் கம்பி. தெலுங்கும் ஹிந்தியுமாகக் கத்தியதைத் தமிழில் தருகிறேன்.

"எங்க முன்னோருக்கு மார்க் போடறியா? எங்களை ஃபெயில் பண்றியா?" என்றான் தலைவன். போன மாதம்தான் சாரின் மேஜையில் என் கையால் டீ குடித்தவன்.

"உட்காருங்க. எந்தக் குறிப்பு தப்புன்னு சொல்லுங்க, பேசலாம்" என்றார் சார்.

முதல் அடி வாயில் விழுந்தது. கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. கீழே விழுந்தவரை உதைத்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"சிவப்புல எழுதினது இந்தக் கைதானே?"

"நான் எழுதலை."

"அப்ப யாரு? பேரைச் சொல்லு!"

"சொல்றது வழக்கம் இல்லை."

அவர் வலது கை விரல்களை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, அதை உதைத்து மூடினார்கள். திறந்து, மறுபடி உதைத்தார்கள். ரத்தம் அச்சுத்தாளில் சொட்டியது.

"நக்கோ சாப், நக்கோ! வேண்டாம்!" என்று நான் அலறியதும் என் பக்கம் திரும்பினார்கள். தபால் போட்டவன் நான். இரண்டு பெயரும் எனக்குத் தெரியும். ஒருவர் குஷாய்குடாவில் தனியாகக் குடியிருக்கிற ஒரு பெண்மணி. சொன்னால் சாரை விட்டுவிடுவார்கள். வாய் வரைக்கும் வந்தது. தரையில் கிடந்த சார் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தார். நான் சத்தமாகக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அரே, பாதிரியார் வந்துட்டார்ரா!" என்று சிரித்தார்கள். கம்பி என் வாயில் இறங்கியது. பல்லைத் துப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து சொன்னேன். பழைய இதழ்க் கட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். புகை பார்த்துத் தெரு கூடிய பிறகுதான் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் சாருக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுப்பைப் போடக் கூடாது என்று எங்கள் சங்க உறுப்பினர்கள் அங்கேயே வந்து சொன்னார்கள். "வசவோடயே போடுங்க" என்றார். எங்களிடம் இருந்த நகலை வைத்து, கட்டுரையோடு சேர்ந்து அதே இதழில் வந்தது. உறை ஒட்டியது நான்.

இப்போது ஊரில் இதை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். வேற்று மதத்தார் வந்து அடித்தார்களாம். இல்லை. எங்கள் சபையிலோ, அடி விழும்போது சார் 'இயேசுவே' என்று கூப்பிட்டார் என்று சாட்சி சொல்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டிருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் கிடையாது. அவர் 'அம்மா' என்றுதான் கத்தினார். பெயரை மட்டும் சொல்லவில்லை. கர்த்தர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் விசுவாசம். அது என்னோடு இருக்கட்டும். நீங்கள் நாலு பேருக்குச் சொல்லும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். நல்லதென்று நினைத்துக்கூட எதையும் கூட்டிவிடாதீர்கள்.