எப்போதும் எரிந்த விளக்கு

புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டால் டர்போ கார் பறக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பிக் கழற்றியவன் நான். வண்டி பறக்கவில்லை. சத்தம் மட்டும் வீராம்பட்டினம் வரை கேட்டது. எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு அன்றிலிருந்து அணையவே இல்லை.

அந்த நாட்களில்தான் பிள்ளைச்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு கன்னியாஸ்திரியை டவுனுக்கு ஏற்றிக்கொண்டேன். கனத்த உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. எதையும் விரலால் தொட்டுக்காட்டித்தான் கேட்பார்.

"இது இன்னா லைட்டு தம்பி?"

"அது சும்மா எரியுது சிஸ்டர். கன்வர்ட்டர எடுத்ததுலேர்ந்து அப்பிடித்தான்."

"நெஜமாவே கோளாறு வந்தா எது எரியும்?"

"அதேதான் சிஸ்டர்" என்று வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

அவர் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

சிறிது தூரத்தில் வண்டி இழுவை குறைந்து நின்றுவிட்டது. கன்வர்ட்டர் இல்லாததால், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டிருந்தது என்று மெக்கானிக் பிறகு சொன்னார்.

"நீ ஸ்டியரிங்கப் புடி" என்று சொல்லிவிட்டு, வெள்ளை அங்கியோடு அவரே பின்னால் போய் வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார். நான் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "பரவால்ல தம்பி. இப்பதான் நீ பேசறது நல்லா கேக்குது" என்றார்.

கன்வர்ட்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன். அவர் சொன்னது ஆறுதலா, கிண்டலா என்றுதான் இன்னும் தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.